ஏறும்போது, இறங்கும்போது விழுந்த கதைகள் (மும்பை)

செம்பூர் வாசகி:
போன மழைக்காலத்தில் என் சித்தி லோக்கல் ரயிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். பெண்கள் பெட்டி, சாயங்கால நெரிசல். ஒரு கால் பிளாட்பாரத்தில் பட்டுவிட்டது. அதற்குள் ஏறுகிற கூட்டம் முட்டியதில் மற்ற கால் இடைவெளிக்குள் போய், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வண்டி நகர்வதற்குள் மீன் கூடைக்காரப் பெண்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரே அறிவுரையும் கொண்டுவந்தார்கள்: "கொஞ்சம் நிதானமா இறங்கியிருக்கலாமே." அரை நிமிடம் நிற்கிற வண்டியில் என்ன நிதானம்? உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மாட்டுங்கா மாமா:
நான் டிராம் காலத்து ஆள். இந்த ஊரில் கடைசி டிராம் 1964 மார்ச் 31 அன்று ஓடியது, போரிபந்தரிலிருந்து தாதருக்கு. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸில் 1953-லேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் ஊரிலிருந்து வருகிற உறவுக்காரப் பையன்களுக்கு டிராம் ஏறுவதுதான் பெரிய வேடிக்கை. வேகம் கம்மி, கதவு கிடையாது. நிற்கும் முன்பே குதிப்பது ஒரு கெத்து. ஆனால் தண்டவாளம் நடுரோட்டில் இருந்தது. இறங்குகிறவன் நேராக ரோட்டில்தான் கால் வைக்க வேண்டும், பின்னால் டாக்சி வருகிறதா என்று யார் பார்த்தார்கள்?

எங்கள் பில்டிங்கில் ஒருவர் வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார். பின்மண்டையில் அடி. காரணம் சாதாரணம்தான்: கால் தரையில் நின்றுவிடும், உடம்பு மட்டும் வண்டியின் வேகத்திலேயே போகும். முன்பக்கம் பார்த்து இறங்கினால் நாலு எட்டு ஓடிச் சமாளிக்கலாம், திரும்பி இறங்கினால் மல்லாக்க விழ வேண்டியதுதான். ஓடுகிற வண்டியில் இறங்காமலிருப்பது எல்லாவற்றையும்விட உத்தமம், அது வேறு விஷயம்.

தாராவித் தம்பி:
அக்கா, சித்திக்கு நஷ்டஈடு கேட்டு மனு போட்டீர்களா? வந்தவர்கள் பேச்சை விடுங்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. தற்கொலை முயற்சி, தானே வேண்டுமென்று செய்துகொண்ட காயம், குற்றச் செயல், குடிபோதை, நோய் என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் இந்தப் பிரிவில் வரும், பயணியின் கவனக்குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிக்கெட் தொலைந்துபோனது மட்டுமே மனுவைத் தள்ளக் காரணமாகாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இறப்புக்கு 8 லட்சம் ரூபாய், காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து. ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் (ரயில்வே நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கிற தீர்ப்பாயம்) ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

என் அண்ணன் ஏறும்போது விழுந்தான். சட்டத்தைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது காகிதம்தான். ஆஸ்பத்திரி கேஸ் பேப்பரில் "கீழே விழுந்தார்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள். எங்கே, எதிலிருந்து என்று ஒரு வார்த்தை இல்லை. மாடிப்படியிலிருந்து விழுந்தவனும் கீழேதானே விழுகிறான்! விபத்தைப் பற்றி ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்த மெமோ கையில் இருந்ததால் தப்பித்தோம். அதன் நகல், பாஸ், கேஸ் பேப்பர் மூன்றும் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடைக்கார அக்காக்களைக் கண்டுபிடிக்க முடிந்தால் சாட்சியும் ஆயிற்று, தினமும் அதே வண்டியில்தான் வருவார்கள்.

தாணேயிலிருந்து:
பஸ்ஸில் விழுந்தவர்கள் மனு போடுவது வேறு இடம், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். ஒரு பாட்டி படியில் ஒரு காலை வைத்ததுமே கண்டக்டர் வண்டியைக் கிளப்பச் சொல்லி டபுள் பெல் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளை, கம்பி கைக்குக் கிடைத்தது.

லோக்கலில் ஏ.சி. வண்டி 2017 டிசம்பர் 25-ல் வந்தது. கதவு மூடின பிறகுதான் நகரும் என்பதால் அம்மாவை அதில்தான் அனுப்புகிறேன், காசு அதிகம்தான். சாதா வண்டியில் போவதாக இருந்தால், இறங்குவதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே கதவுப் பக்கம் வந்துவிடச் சொல்லுங்கள். முன்னால் நிற்பவரிடம் "உத்தர்னா ஹை க்யா?" (இறங்கணுமா?) என்று கேட்டு, இல்லையென்றால் இடம் மாறிக்கொள்ள வேண்டும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.