டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் ட்ரிகரை மென்மையாக்க ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவல்துறைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர் ஒன்றை அண்மையில் முறைப்படி வாங்கினேன். .38 ஸ்பெஷல் தோட்டா, நான்கு அங்குலக் குழல். இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு நிறுத்திவிட்டுச் சுட்டால் (சிங்கிள் ஆக்‌ஷன்) ட்ரிகர் சுத்தமாக விடுபடுகிறது. ஆனால் டபுள் ஆக்‌ஷனில் (சுத்தியலைத் தொடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடுவது) முழுவதும் இழுக்கும்போது, பாதி வழியில் மணல் சிக்கியதுபோல் நெருடுகிறது. எடை குறைந்த ஸ்பிரிங் தொகுப்பை வாங்கிப் போடும்படி சிலரும், கைப்பிடியின் முன்பக்கத்திலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தினாலே போதும் என்று வேறு சிலரும் கூறுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எது சரியென்று சொல்ல வேண்டுகிறேன்.

பழைய எஃகு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இழுவையின் கனமும் இழுவையின் நெருடலும் வெவ்வேறானவை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் உங்கள் விரலின் ஓர் இழுப்பு, சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, அதை முன்னோக்கி அடிக்கவைக்கும் முதன்மை ஸ்பிரிங்கை வளைக்கிறது. சிலிண்டரை அடுத்த அறைக்குச் சுழற்றுகிறது. ட்ரிகரை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவரும் ரீபவுண்ட் ஸ்லைடையும் அதன் ஸ்பிரிங்கை எதிர்த்துப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதனால்தான் 10 முதல் 12 பவுண்டு வரையிலான இழுவை இவ்வகை ரிவால்வர்களில் இயல்பாகக் கருதப்படுகிறது. 12 பவுண்டு இழுவையும் வழவழப்பாக இருக்கலாம். 8 பவுண்டு இழுவையும் கரகரக்கலாம். நீங்கள் விவரிப்பது நெருடல்தான். ஸ்பிரிங்கை மாற்றினால் அது குறையாது, இன்னும் தெளிவாகத் தெரியவும் கூடும்.

பல ஆண்டுகள் உறையில் கிடந்த காவல்துறை ரிவால்வரின் உள்ளே பெரும்பாலும் இருப்பது, பிசின்போல் உறைந்துபோன பழைய எண்ணெயும் தூசியும்தான். தோட்டா ஏதுமில்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, கைப்பிடிப் பலகைகளைக் கழற்றிவிட்டு, தகுந்த கரைப்பானால் உட்புறத்தை நன்றாக அலசி, உலரவிட்டு, சுத்தியலும் ட்ரிகரும் சுழலும் அச்சுகளிலும் ரீபவுண்ட் ஸ்லைடின் அடியிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பலருடைய குறை இத்துடன் தீர்ந்துவிடுகிறது.

பக்கத் தகட்டைத் திறக்க நேர்ந்தால், திருகின் பிளவில் இறுக்கமாகப் பொருந்தும் திருப்புளியை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு திருகும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று குறித்துவையுங்கள். தகட்டை நெம்பவே கூடாது. கைப்பிடிச் சட்டத்தை மரச் சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டினால், அதிர்விலேயே அது மேலெழும்பி வரும். உள்ளே மெல்லிய நீண்ட பட்டை ஒன்று தளர்வாக இருக்கும். அதுதான் சுத்தியல் தடுப்பான்; ரிவால்வர் கீழே விழுந்தாலும் சுத்தியல் தோட்டாவில் மோதாமல் காப்பது. 1944-இல் கடற்படையில் ஒரு ரிவால்வர் கப்பல் தளத்தில் விழுந்து, அதிலிருந்த தோட்டா வெடித்து ஒரு மாலுமி உயிரிழந்ததை அடுத்து வடிவமைப்பே திருத்தப்பட்டு வந்த பாகம் அது. மீண்டும் மூடும்போது அதை விட்டுவிட்டாலும் ரிவால்வர் வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து.

சுத்தியலும் ட்ரிகரும் ஒன்றையொன்று பற்றும் முனைகளில் சாணைக்கல்லை வைக்காதீர்கள். பழைய மாடல்களில் அவற்றின் கடினத்தன்மை மேற்தோலில் மட்டுமே உண்டு. அதைத் தேய்த்துக் கடந்துவிட்டால் அடியிலுள்ள மென்மையான எஃகு விரைவில் தேய்ந்து, சிங்கிள் ஆக்‌ஷனில் சுத்தியல் நிற்காமல் நழுவத் தொடங்கும்.

போட்டிக்காரன் எழுதியது:

மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றுவதே தவறு என்ற எண்ணம் எழ வேண்டியதில்லை. நான் ரிவால்வர் போட்டிகளில் கலந்துகொள்பவன். ரீபவுண்ட் ஸ்பிரிங்கைச் சற்று இலகுவாக்கினால் கனம் கணிசமாகக் குறையும். மிகவும் இலகுவாக்கினால் ட்ரிகர் முன்னுக்குத் திரும்புவது சோம்பி, விரைவாகச் சுடும்போது விரல் அதை முந்திவிடும்.

முதன்மை ஸ்பிரிங் வேறு வகை. அதைப் பலவீனப்படுத்தினால் பிரைமர் (தோட்டாவின் அடியில், சுத்தியலின் அடியால் தீப்பற்றும் சிறு பகுதி) வெடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே மிகவும் இலகுவாக்கப்பட்ட போட்டி ரிவால்வர்களுக்கு, மற்றவற்றைவிட மென்மையான ஃபெடரல் பிரைமர்களையே பலர் நாடுகிறார்கள். வேறு தோட்டாவைப் போட்டால் 'டிக்' என்ற ஓசை மட்டுமே மிஞ்சும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: டபுள் ஆக்‌ஷனில் சுத்தியல் பின்னுக்குச் செல்லும் தூரம் சிங்கிள் ஆக்‌ஷனைவிடக் குறைவு என்பதால் அடியும் சற்று மெலிது. சிங்கிள் ஆக்‌ஷனில் எல்லாத் தோட்டாவும் வெடித்ததே என்று நிம்மதி கொள்வதற்கில்லை. சோதனையை டபுள் ஆக்‌ஷனில், நீங்கள் வழக்கமாக வாங்கும் தோட்டாவைக் கொண்டே செய்யுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட திருகு, முதன்மை ஸ்பிரிங்கை அழுத்தி வளைத்து வைத்திருப்பது. முழுமையாக இறுக்கப்பட்டிருக்க வேண்டிய உறுப்பு அது. பாதியில் நிறுத்தினால் சுடும் அதிர்வில் தானாகவே மேலும் கழன்றுவரும். இதை ஒரு வழிமுறை என்று சொல்லிக்கொடுப்பவர்களை நினைத்தால் எனக்குச் சற்று எரிச்சலே வருகிறது.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. திருகைப் பார்த்தேன், இறுக்கமாகவே உள்ளது. முதலில் அலசிப் பார்க்கிறேன். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவதால் பாகங்கள் தாமாகவே வழவழப்பாகும் என்கிறார்களே, அது உண்மையா? சுத்தியல் முனை உடைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

பழைய எஃகு எழுதியது:

ஓரளவு உண்மை. உரசும் பரப்புகள் ஒன்றுக்கொன்று படிந்துவரும். ஆனால் அழுக்கோடு பழகினால் அழுக்கே அரமாகிவிடும், எனவே அலசிய பிறகு தொடங்குங்கள். மாடல் 10 போன்ற சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் முனை அடிக்கும்) ரிவால்வரில் இது பொதுவாகத் தீங்கில்லாதது. பழைய மாடல்களில் அடிமுனை சுத்தியலிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்வது நல்லது. தோட்டா அடியின் விளிம்பில் முனை அடிக்கும் .22 ரிம்ஃபயரில் மட்டும் வெறுமனே இழுக்காதீர்கள். முனை அறையின் விளிம்பில் மோதிச் சேதப்படுத்தும்.

பாகங்களைவிட விரலே அதிகம் மாறுகிறது என்பது என் கருத்து. அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் வீரர் எட் மெகிவர்ன் 1932-இல் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரால் ஐந்து தோட்டாக்களை 0.45 நொடியில் சுட்டார். அந்த வேகம் முதன்மையாகப் பழகிய விரலின் வேலை. பயிற்சி செய்யும் அறையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்க வேண்டாம். அலசி, எண்ணெயிட்டு, சில வாரங்கள் பழகிய பின்னும் அதே இடத்தில் நெருடினால், சிலிண்டரைத் திறந்து அதை அழுத்திச் சுழற்றும் கைப்பகுதியையும் அது பற்றும் பற்களையும் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பாளரிடம் காட்டுங்கள்.