முடக்கு வாத மரபணு ஆராய்ச்சி: நோயாளிக்கு என்ன கிடைத்தது?

இளமாறன்:
உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்தான் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்கு வாதம். அது யாருக்கு வரும் என்று ஜீனில் தேடும் வேலை 1970களிலேயே தொடங்கிவிட்டது. எச்எல்ஏ-டிஆர்4 என்ற நோய் எதிர்ப்பு மரபணு வகை நோயாளிகளிடம் அதிகம் இருப்பதை அப்போதே பார்த்துவிட்டார்கள். 2014இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் அலசி நோயோடு தொடர்புள்ள 101 மரபணு இடங்களைச் சொன்னார்கள். 2022இல் வந்த ஆய்வு 124 என்றது. பட்டியல் நீள்கிறது, சரி. ஆனால் மருத்துவர் முதலில் எழுதித் தருவது இன்றும் மெத்தோட்ரெக்சேட்தான். அந்த மாத்திரைக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறைய 15 சதவீதம்தான். ஜீன் அத்தனையும் ஒன்றாக இருந்தும் மீதி 85 பேர் தப்பிக்கிறார்கள். அப்புறம் எதற்கு ஜீனைத் தோண்ட வேண்டும்? அந்தப் பணத்தை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் போடுங்கள் என்கிறேன்.

கயல்விழி:
எனக்கு இந்த நோய் இருக்கிறது, என் அம்மாவுக்கும் இருந்தது. அதனால் இந்தப் பேச்சை என்னால் சும்மா கடந்து போக முடியாது.

அந்த 15ஐ மட்டும் தனியாக எடுத்துக் காட்டுவது சரியில்லை இளமாறன். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் நோய் இது. ஜீன் பாதிதான் ஒத்துப்போகும் சாதாரண இரட்டையரில் அதே கணக்கு 4 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ரத்தம் நெருங்க நெருங்க எண் ஏறுவது உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையா? இரட்டையர் தரவை வைத்து 2000இல் போட்ட கணக்கின்படி, நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 60 சதவீதம் மரபணுவால் வருகிறது. மீதி வெளியிலிருந்து. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். 'மரபணு இல்லை' என்று அந்த 85 பேரை வைத்துச் சொல்லவே முடியாது.

நிலவன்:
கயல்விழி சொன்ன 'இரண்டும் சேர்ந்தால்' என்பதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. 1987இல் ஒரு விஷயம் தெளிவானது. எச்எல்ஏ-டிஆர்பி1 ஜீனின் ஆபத்தான வகைகள் பல, டிஆர்4 அந்த ஜீனைச் சேர்ந்ததுதான். ஆனால் அவை உருவாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையுள்ள அமினோ அமிலங்கள் மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நம் உடல் புரதத் துண்டுகளை டி-செல் என்ற நோய் எதிர்ப்பு அணுவுக்குக் காட்டும் பள்ளம் இருக்கும் இடம் அது. புகை பிடிக்கும்போது நுரையீரலில் சில புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. மாறிய துண்டு அந்தப் பள்ளத்தில் நன்றாகப் பொருந்துகிறது, டி-செல் அதை எதிரியாகப் பார்க்கிறது. 2006இல் ஸ்வீடனில் வந்த ஆய்வில், இந்த வகை ஜீனை இரண்டு பிரதியும் வைத்துக்கொண்டு புகையும் பிடிப்பவருக்கு, இரண்டும் இல்லாதவரைவிட, ஆன்டி-சிசிபி (சிட்ருலின் உள்ள புரதங்களைத் தாக்கும், ரத்தத்தில் காணும் எதிர்ப்புப் புரதம்) உள்ள முடக்கு வாதம் வரும் ஆபத்து 21 மடங்கு. ஆன்டி-சிசிபி இல்லாத நோயில் இந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒரே பெயரில் இரண்டு நோய்கள் ஓடிக்கொண்டிருப்பது இப்படித்தான் வெளியே வந்தது.

இளமாறன்:
நிலவன், அழகாக விளக்கினீர்கள். ஆனால் புகையை விடு என்று சொல்ல ஜீன் எதற்கு? எல்லோரும் விட வேண்டியதுதான். ஆன்டி-சிசிபி பரிசோதனையும் ஜீன் தேடலில் பிறக்கவில்லை, நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் புரதத்தை ஆராய்ந்தவர்கள் தந்தது. டி-செல் தூண்டப்படுவதைத் தடுக்கும் அபாடாசெப்ட் மருந்து 2005இல் ஒப்புதல் பெற்றபோது இந்த நூற்றுச் சொச்சம் இடங்களின் பட்டியலே கிடையாது. மருந்து முதலில் வந்தது, ஜீன் பின்னால் வந்து 'ஆமாம், சரிதான்' என்று தலையாட்டியது.

நிலவன்:
பழைய மருந்துகளைப் பொறுத்தவரை அது உண்மை. அந்தத் தலையாட்டலுக்கு ஏன் மதிப்பில்லை என்கிறீர்கள்? மருந்து ஆராய்ச்சியில் பத்துக்கு ஒன்பது பாதி வழியில் விழுகிறது. மரபணு ஆதாரம் உள்ள இலக்கைக் குறிவைத்த மருந்துகள் ஒப்புதல் வரை போகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2024இல் எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு காட்டியது. சோதனைக்கு உடம்பைக் கொடுக்கும் நோயாளிக்கு இது சின்ன விஷயமா?

ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது. பிடிபிஎன்22 ஜீனின் ஆபத்தான மாற்றம் ஐரோப்பியரிடம் சகஜம், கிழக்காசியரிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிஏடிஐ4 என்ற இன்னொரு ஜீனின் தொடர்போ முதலில் ஜப்பானில்தான் தெரிந்தது. 2022 ஆய்வில் ஐந்து வம்சாவளிகளைச் சேர்ந்த 2,76,000 பேர் இருந்தும் பெரும்பாலோர் ஐரோப்பியரும் கிழக்காசியரும்தான். இந்த ஜீன்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஆபத்து மதிப்பெண் மற்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும்? நான் கேட்பது குறைவான ஆராய்ச்சி அல்ல, பரவலான ஆராய்ச்சி.

தாமரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நோய் இருக்கிறது, மகளுக்கு வயது இருபது, அவளுக்கு ஒன்றும் இல்லை. ஜீன் சோதனை செய்யலாமா?

இளமாறன்:
வேண்டாம் அம்மா. அந்த டிஆர்பி1 வகை ஆரோக்கியமானவர்களிலும் ஏராளமானோரிடம் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால் அந்தப் பெண் எத்தனை வருஷம் பயந்துகொண்டு இருப்பாள்? எனக்குக் கோபமே இதில்தான். உறுதியில்லாத ஒரு எண்ணைக் குடும்பத்தின் தலையில் ஏற்றுகிறார்கள்.

கயல்விழி:
தாமரை அக்கா, சோதனை வேண்டாம் என்பதில் நானும் இளமாறன் பக்கம்தான். நெருங்கிய உறவில் நோய் இருந்தால் ஆபத்து சில மடங்கு கூடும், அப்படியும் மகளுக்கு வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ வீங்கினாலோ தள்ளிப் போடாமல் மூட்டுவாத மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டி-சிசிபி எடுப்பதா என்பதை அவர் சொல்வார். புகை பக்கம் போகாமல் இருக்கச் சொல்லுங்கள்.

'பயந்துகொண்டு இருப்பாள்' என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. பாஸ்டனில் நோயாளிகளின் நெருங்கிய உறவினரிடம் அவரவர் ஆபத்தை ஜீன் உட்பட விளக்கிச் சொன்ன ஓர் ஆய்வு நடந்தது. பழக்கங்களை மாற்றும் எண்ணம் அவர்களுக்கு அதிகமானது. மக்களுக்கு விஷயத்தைத் தாங்கும் சக்தி உண்டு, சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும்.

இளமாறன்:
எண்ணம் வருவது வேறு, பழக்கம் மாறுவது வேறு. தடுப்பு என்று கையில் பிடித்துக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

கயல்விழி:
இருக்கிறது. மூட்டு வலியும் ஆன்டி-சிசிபியும் இருந்து இன்னும் நோயாக மாறாதவர்களுக்கு ஒரு வருஷம் அபாடாசெப்ட் கொடுத்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஒரு வருஷ முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, எடுக்காதவர்களில் 29. மருந்தை நிறுத்தி இன்னொரு வருஷம் போனதும் எடுத்தவர்களில் 25, எடுக்காதவர்களில் 37. இடைவெளி சுருங்கிவிட்டது. அப்படியானால் யாருக்கு ஒரு வருஷம் போதும், யாருக்கு நீட்ட வேண்டும், யாருக்கு மருந்தே தேவைப்பட்டிருக்காது? ரத்தத்தில் ஆன்டி-சிசிபி எல்லோருக்கும்தான் இருந்தது, அதை மட்டும் வைத்து அவர்களைப் பிரிக்க வழியில்லை. ஜீனையும் சேர்த்துப் பார்க்காமல் வேறு எதை வைத்துப் பிரிப்பீர்கள் இளமாறன்?