அன்றைக்கு நானும் கைதட்டினேன்

(விளையாட்டில் மனதை உறுத்திய ஒரு நாளைப் பற்றி நான்கு பேர் புனைபெயரில் எழுதிக்கொண்டது)

கம்பிகட்டி:
2022 டிசம்பர் 18, கத்தாரின் தோஹா. உலகக் கோப்பை ஃபுட்பால் பைனல். சனையாவில், அதாவது தொழிற்பேட்டைப் பக்கம், ஏஷியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் எங்களைப் போன்ற ஆட்களுக்குப் பெரிய திரை வைத்திருந்தார்கள். லுசைல் மைதானத்தில் எட்டு மாதம் கம்பி கட்டியவன் நான். பைனலைத் திரையில்தான் பார்த்தேன். கம்பெனியில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அந்தக் கதை உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

பெனால்டியில் ஜெயித்து மெஸ்ஸி கோப்பை வாங்க வருகிறார். கத்தார் மன்னர் அமீர், அரபிகள் விசேஷத்துக்குப் போடும் மேலங்கியான அந்தக் கறுப்பு பிஷ்த்தை அவர் தோளில் போர்த்துகிறார். சல்லாத் துணி, உள்ளே ஜெர்சியின் நீலக் கோடு தெரிந்தும் தெரியாமலும். என் பக்கத்தில் ஒரு அறந்தாங்கிக்காரர். எனக்கு இருந்த அதே பாக்கி அவருக்கும். விரலை வாயில் வைத்து விசில் அடிக்கிறார். நானும் கைதட்டினேன். கண்ணில் தண்ணீர் வேறு.

மெஸ்ஸியைக் குறை சொல்ல வரவில்லை. மேடையில் அமீரே போர்த்தும்போது யாரால் தட்டிவிட முடியும்? ஆனால் அந்தப் போட்டோவை எங்கே பார்த்தாலும் என் கைதான் ஞாபகம் வருகிறது.

ஜித்தா கேட்டரிங்:
எனக்கு 2022 மார்ச் 25. சவூதியின் ஜித்தாவில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்குப் பயிற்சி ஓட்டம், நான் சாப்பாட்டுக் கடைப் பக்கம் டியூட்டி. திடீரென்று ஆட்கள் எல்லாம் போனைத் தூக்கி ஒரே திசையில் பிடிக்கிறார்கள். பார்த்தால் கரும்புகை. ஏமனின் ஹூதி படை ஏவிய ஏவுகணை, சவூதி எண்ணெய் கம்பெனியான அராம்கோவின் டிப்போவில் விழுந்திருக்கிறது. தீய்ந்த வாடை வருகிறதே, என் காரா என்று டிரைவர் வெர்ஸ்டாப்பன் ரேடியோவில் கேட்டதை அப்புறம்தான் யூடியூபில் பார்த்தேன். பந்தயம் ஓட்டுவதா வேண்டாமா என்று டிரைவர்கள் நள்ளிரவு தாண்டியும் கூடிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது, அதே வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்த நாட்டில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இன்னொரு டிரைவர் ஹாமில்டன் முந்தைய டிசம்பரில் ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு ஆதரவாக வானவில் ஹெல்மெட் போட்டு ஓட்டினார், இங்கே எனக்கு மனசு ஒப்பவில்லை என்றும் வாய் திறந்து சொன்னார். ஆனாலும் ஓட்டினார்தானே? நாமும் ரியால் வாங்கித்தானே வீடு கட்டினோம்? அவர்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளவத்தை:
கட்டாரும் சவூதியும் எனக்குத் தெரியாது. என்னுடையது பழைய கதை. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் கிரிக்கெட், கொழும்பு சரவணமுத்து மைதானம். வர்ணபுரதான் கப்டன். அப்பாவோடு போய்ப் பார்த்தேன். ஒட்டோகிராப் கொப்பியில் அவருடைய கையெழுத்து கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்பதை எழுதினால் நீளும். அதே வருடக் கடைசியில் அவரே ‘அரோசா’ என்ற பெயரில் தடையை மீறிப் போன இலங்கை அணியோடு நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். போன எல்லோருக்கும் 25 வருடத் தடை.

அப்பா பேப்பரை வாசித்துவிட்டு கொப்பியில் அந்தப் பக்கத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. ஸ்கேல் வைத்து, கையெழுத்துக்குக் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. "எங்களைப் போல ஆக்கள் வெள்ளைக்காரனோட ஒரு வாங்கில இருக்க ஏலாத நாட்டில என்ன விளையாட்டு?" அந்த டூருக்குப் போனவர்களில் பலருக்குக் காசு தேவை இருந்தது என்பது பிறகு விளங்கியது. அப்பாவிடம் அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த வருடம் ஜூலைக் கலவரத்தில் கொப்பியும் வீட்டோடு எரிந்தது.

ரியாத் ராஜா:
ஜித்தா தம்பி, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வயிற்றுக்குப் போகிறவனும் ஏற்கனவே கோடி வைத்திருப்பவனும் ஒன்றா? டைகர் உட்ஸுக்கு சவூதிப் பணத்தில் நடக்கும் லிவ் கோல்ஃபில் 70, 80 கோடி டாலர் பக்கம் பேசினார்கள், இதைச் சொன்னது அப்போது லிவ் தலைமை நிர்வாகியாக இருந்த கிரெக் நார்மனே. உட்ஸ் போகவில்லை. வேண்டாம் என்று சொல்ல வசதி உள்ளவன் சொல்லலாம். அப்புறம் கம்பிகட்டி, மெஸ்ஸியால் தட்டிவிட முடியாது என்கிறீர்கள். மேடையில் முடியாது, சரி. அதே வருடம் மே மாதம் சவூதி சுற்றுலாவுக்குத் தூதரானாரே, அதுவும் மேடையில் யாரோ போர்த்தியதா? என் கதை சின்னது. பையனுக்கு, சவூதி கிளப்புக்கு ஆட வந்த ரொனால்டோவின் மஞ்சள் 7 ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன், இன்னும் உறுத்துகிறது.

உங்கள் பாக்கி விஷயம். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்க இடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 சேர்த்துத் தர வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து பழைய கம்பெனியின் என்ஓசி (ஆட்சேபனையில்லாக் கடிதம்) இல்லாமலே கம்பெனி மாறலாம். முதலில் பத்தாக்கா (அங்கத்து அடையாள அட்டை), கான்ட்ராக்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பி வையுங்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள், தகராறு கமிட்டிக்குப் போகும். எம்பசிக்கு, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) புகார் போர்ட்டலில் எழுதலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, வீட்டிலிருந்து யாராவது போய் மனு கொடுக்கட்டும். ஃபோர்மேனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் போட வேண்டாம்.

கம்பிகட்டி:
அண்ணா, நான் 2023-லேயே ஊருக்கு வந்துவிட்டேன். மூன்றில் ஒரு மாதச் சம்பளம் வந்தது. நான் இங்கே பாக்கிக்கு வழி கேட்கவில்லை.

அந்த அறந்தாங்கிக்காரர் இப்போது உங்கள் ரியாத்தில்தான் இருக்கிறார். 2034 உலகக் கோப்பைக்கு மைதான வேலை வரும், வா என்று போன வாரம் வீடியோ காலில் கூப்பிட்டார். மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தார். திரும்பி முதுகைக் காட்டினார், 7.