பூதானம்: தானமா, கண்துடைப்பா?

வைகைக்கரையான்

நிலப்பகிர்வு என்று பேச்சு வந்தால் கேரளா, மேற்கு வங்கம் என்று இரண்டு பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். நிலக்காரர்களிடம் ஏழைகளுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கிய பூதான இயக்கத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 1951 ஏப்ரல் 18 அன்று காந்தியின் சீடர் வினோபா பாவே தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்குப் போனார். 40 தலித் குடும்பங்கள், பிழைக்க 80 ஏக்கர் வேண்டும் என்றார்கள். ஊரில் யாராவது கொடுக்க முடியுமா என்று அவர் கேட்க, ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். அன்றிலிருந்து வருடக்கணக்கில் நடை. ஐந்து பிள்ளை பெற்றவர் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து என் பங்கைக் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார். வெட்டு, குத்து, கோர்ட்டு எதுவும் இல்லாமல் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். திண்டுக்கல் பக்கம் என் தாத்தாவும் 3 ஏக்கர் எழுதிக் கொடுத்தவர்தான். இதைவிடப் பெரிய பகிர்வு எங்கே நடந்தது, சொல்லுங்கள்.

செங்காட்டான்

ஆறாவது பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. பாறை, ஓடைப் புறம்போக்கு, பங்காளி வழக்கில் கிடந்த நிலம். வினோபா வைத்த இலக்கு 5 கோடி ஏக்கர். எழுதிக் கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ஏழை கைக்கு உண்மையில் போனது ஒரு பகுதிதான்.

இன்னொன்று. போச்சம்பள்ளி இருந்தது நல்கொண்டாவில். 1946-இலிருந்து அங்கே விவசாயிகள் ஆயுதம் ஏந்திப் போராடி, நிலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முழுதாகப் போவதைவிட 100 ஏக்கர் போவது மேல் என்று யாருக்கும் தோன்றும். ரெட்டிகாருவின் மனதை நான் படிக்கவில்லை, ஆனால் காலத்தைப் பாருங்கள்.

வைகைக்கரையான்

பயந்து கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எந்தத் துப்பாக்கி இருந்தது? என் தாத்தா யாருக்குப் பயந்தார்? சட்டத்தை நம்புகிறவர்கள் நம்ம ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். 1961-இல் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-இல் அதை 15 ஆக்கினார்கள். அறக்கட்டளைக்கு விலக்கு, தோட்டத்துக்கு விலக்கு. மீதியை வேலைக்காரன் பெயரில், மாமியார் பெயரில் எழுதி வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

கீழத்தஞ்சைக்காரி

அண்ணன்மார் இரண்டு பேரும் நிலம் கொடுத்தவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். வாங்கினவர் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

எங்கள் பக்கம் தானத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லை. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கும், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததற்கும் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. தானமும் வரவில்லை, சட்டமும் வரவில்லை.

அதற்கப்புறம் வந்தவர்கள் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும். பூதானத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்கள். கேட்டால் மட்டும் கிடைக்காது என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1981-இல் லாஃப்டி தொடங்கினார்கள், உழுபவனின் நில உரிமை இயக்கம். மிராசுதாரிடம் பேசி விலை முடிப்பார்கள். வங்கிக் கடன், அரசு மானியம் எல்லாம் சேர்த்து நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரிப்பார்கள். பத்திரம் பெண் பெயரில்தான். என் அம்மா பெயரில் அப்படி ஒரு ஏக்கர் இருக்கிறது. அப்பா ஒரு முறை அடகு வைக்கப் பார்த்தார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. அந்த ஒரு வாரம் வீட்டில் சோறு பொங்கியதா என்பது வேறு கதை.

செங்காட்டான்

தங்கச்சி, உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கினால் அதற்குப் பெயர் பகிர்வா? மிராசுதார் நிலத்தைப் பணமாக்கி டவுனில் மனை வாங்கியிருப்பார். கடனைக் கட்டியது கூலிக்காரி. மூன்று தலைமுறை உழைத்த நிலத்துக்கு அவளே விலையும் கொடுக்க வேண்டுமா? கேரளாவில் 1970 ஜனவரி 1 அன்று குத்தகை முறையே ஒழிந்தது. யாரும் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை.

கீழத்தஞ்சைக்காரி

கெஞ்சவில்லை, சரி. அந்த நிலம் யாருக்குப் போனது? குத்தகைதாரருக்கு. வயலில் இறங்கி நாற்று நட்ட தலித்துக்கு? குடிகிடப்பு என்று, குடியிருந்த குடிசையைச் சுற்றி 10 சென்ட், அதுவும் பஞ்சாயத்துப் பகுதியில்தான். நகரத்தில் இன்னும் குறைவு. தேயிலைத் தோட்டங்களைத் தொடவே இல்லை. விலை கொடுத்து வாங்கியது அநியாயம்தான், நானே சொல்கிறேன். ஆனால் நியாயமான வழிக்காகக் காத்திருந்தால் அம்மா இன்னும் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருப்பாள்.

கணக்குப்பிள்ளை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், காகிதம்தான் என் புத்தி. மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய, பங்குக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்த பர்கா நடவடிக்கையில் நிலத்தைப் பிடுங்கவும் இல்லை, தானம் கேட்கவும் இல்லை. அதிகாரிகள் சாயங்காலம் கிராமத்துக்கே போய் உட்கார்ந்து, விளைச்சலில் பங்குக்கு உழுகிறவன் யார் என்று ஊர் முன்னால் கேட்டு எழுதினார்கள். ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தால் நிலக்காரர் முன்னால் எவன் வாயைத் திறப்பான்? சுமார் 14 லட்சம் பேர் பெயர் ஏறியது. பெயர் ஏறினவனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. விதை, உரம் அவனே போட்டால் விளைச்சலில் முக்கால் பங்கு அவனுக்கு.

பூதானத்தில் கோட்டை விட்டது இங்கேதான். மேடையில் கைதட்டு வாங்கின ஏக்கர் தாலுகா ரிஜிஸ்டரில் ஏறவில்லை. வைகைக்கரையான் தம்பி, தாத்தா கொடுத்த 3 ஏக்கர் இப்போது யார் பெயரில் இருக்கிறது? சர்வே எண் தெரிந்தால் ஆன்லைனிலேயே சிட்டா எடுக்கலாம்.

வைகைக்கரையான்

பாட்டி பெட்டியில் பழைய தீர்வை ரசீது இருந்தது, எண் கிடைத்தது. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன்.

தாத்தா பெயரிலேயே இருக்கிறது.

செங்காட்டான்

அங்கே இப்போது உழுவது யார்?

வைகைக்கரையான்

சித்தப்பா. முருங்கை போட்டிருக்கிறார். அவர் அனுப்பும் முருங்கைக்காயை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

கீழத்தஞ்சைக்காரி

அப்போது யாருக்கென்று தாத்தா எழுதிக் கொடுத்தாரோ அந்தக் குடும்பம்?

வைகைக்கரையான்

ஊரில் கேட்க வேண்டும் தங்கச்சி. திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பாட்டி சொல்கிறார். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பங்காளிகள் நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இன்று காலை சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். நான் பேச்சை எடுத்ததும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.