மேலத்தெரு குடும்பம் குழு: 39 கணக்கில் வருமா?

ஞாயிறு, 25 ஆகஸ்ட் 2024

தம்பி (காலை 9:12): பெரியப்பா, ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த உங்கள் யுவராஜ் ரெக்கார்டு போச்சு. ஒரே ஓவரில் 39 ஓட்டம். அடித்தவர் சமோவாவின் டேரியஸ் விஸ்ஸர், வனுவாட்டுவுக்கு எதிராக. நாலைந்து நாளாகவே சொல்ல நினைத்தேன், உங்களுக்கு பிபி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா: ஓவருக்கு ஆறு பந்து. ஆறையும் சிக்ஸர் அடித்தாலும் 36. பிறகு 39 எங்கிருந்து வரும்? வந்ததை எல்லாம் பார்வர்டு செய்யாதே.

தம்பி: மூன்று நோ பால் பெரியப்பா. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டம் கூடும், அந்தப் பந்து ஆறு கணக்கிலும் வராது.

பெரியப்பா: அப்படிச் சொல்லு. ஓசி ஓட்டம். 2007 செப்டம்பர் 19, டர்பன். இங்கிலாந்தின் பிளின்டாஃப் யுவராஜிடம் வாயைக் கொடுத்தார், பாவம் அடுத்து பந்து போட்ட பிராட் வாங்கிக் கட்டிக்கொண்டார். 12 பந்தில் ஐம்பது. அது உலகக் கோப்பை. இது எங்கே நடந்தது?

தம்பி: அப்பியாவில். சமோவாவின் தலைநகர்.

பெரியப்பா: ஏதோ தீவில் தென்னந்தோப்புக்குள் நாலு பேர் ஆடியதெல்லாம் ரெக்கார்டு என்றால், வாய்க்கால் கரையில் நான் அடித்ததையும் எழுதிக்கொள்ளச் சொல்.

நான்: அந்தப் பந்து வாய்க்காலில் விழுந்து இன்னும் கிடைக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

சூவா அத்தான்: மாமா, வணக்கம். இங்கே ஃபிஜித் தலைநகர் சூவாவில் மாலை ஆகிவிட்டது. தென்னந்தோப்பு என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் வந்தேன் 😀 சமோவா, ஃபிஜி, வனுவாட்டு, குக் தீவுகள் என்று நான்கு நாடுகள் ஆடிய தகுதிச் சுற்று அது. 2026 டி20 உலகக் கோப்பைக்குப் போகும் வழியில் முதல் படி. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி 2019 ஜனவரி 1 முதல் எல்லா உறுப்பு நாடுகளின் ஆண்கள் டி20 ஆட்டங்களுக்கும் சர்வதேச அந்தஸ்து கொடுத்துவிட்டது. அதனால் டர்பனில் அடித்தாலும் அப்பியாவில் அடித்தாலும் ஒரே நோட்டில்தான் ஏறும்.

பெரியப்பா: மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

தம்பி: யுவராஜின் 36 ஏற்கெனவே தனியாக இல்லை பெரியப்பா. 2021-ல் மேற்கிந்தியத் தீவுகளின் பொல்லார்டும் 36 அடித்தார். இந்த வருஷம் மட்டும் ரோஹித்தும் ரிங்குவும் சேர்ந்து பெங்களூரில் 36, நேபாளத்தின் ஐரீ 36, நிக்கோலஸ் பூரன் ஓவரில் 36. வாடகை வீட்டில் குடித்தனம் கூடிப்போன மாதிரி ஆகிவிட்டது. விஸ்ஸர்தான் மாடி கட்டிக்கொண்டு மேலே போயிருக்கிறார்.

பெரியம்மா: காலையிலிருந்து அடித்தவன் பேச்சாகவே இருக்கிறதே, பந்து போட்ட பிள்ளை யார்?

தம்பி: நாலின் நிப்பிக்கோ, பெரியம்மா. வனுவாட்டுக்காரர். ஆட்டத்தின் 15-வது ஓவர். முதல் மூன்று பந்தும் சிக்ஸர். அடுத்து ஒரு நோ பால். அதற்கு அடுத்ததும் சிக்ஸர். ஐந்தாவது பந்தில் ஓட்டமே இல்லை.

பெரியம்மா: அப்பாடா.

தம்பி: இருங்கள். மறுபடி ஒரு நோ பால். உடனே இன்னொரு நோ பால், அதையும் சிக்ஸருக்குத் தூக்கினார். கடைசிப் பந்தும் சிக்ஸர்.

பெரியப்பா: நடுவில் ஒரு பந்தை விட்டிருக்கிறான் பார்த்தாயா. யுவராஜ் ஒன்றைக்கூட விடவில்லை.

பெரியம்மா: நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள். ஆட்டம் என்ன ஆயிற்று?

தம்பி: சமோவா 174. வனுவாட்டு 164 எடுத்து 10 ஓட்டத்தில் தோற்றது.

பெரியம்மா: நோ பாலில் மட்டும் எவ்வளவு போனது? முதல் இரண்டுக்கும் ஒவ்வொன்று. மூன்றாவதற்கு ஒன்றும் ஆறும் ஏழு. ஆக 9. தோற்றது பத்தில். காலை ஒழுங்காகக் கோட்டுக்குள் வைத்திருந்தால் ஆட்டமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். அந்தப் பிள்ளை அன்று ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டான்.

நான்: முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றாலும் விடைத்தாளை விடமாட்டார் 🙏

சூவா அத்தான்: அத்தை, இந்தக் கணக்கை எந்தச் செய்தியிலும் நான் பார்க்கவில்லை. 39 என்று தலைப்புப் போட்டவர்கள் எல்லாம் தோல்வி எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது என்பதை விட்டுவிட்டார்கள்.

தம்பி: விஸ்ஸர் மொத்தம் 132, அதுவும் 62 பந்தில். 14 சிக்ஸர். மற்ற எல்லோரும் உதிரியும் சேர்த்தே 42தான்! சமோவா ஆண்கள் அணியில் டி20 சர்வதேச ஆட்டத்தில் சதம் அடித்த முதல் ஆள்.

பெரியப்பா: 132-ஆ? இதை ஏன் முதலில் சொல்லவில்லை?

தம்பி: எங்கே சொல்ல விட்டீர்கள்?

அக்கா: இங்கே உங்கள் அத்தான் ஒரு வாரமாக போனும் கையுமாகத்தான் இருந்தார். ஃபிஜி தோற்றால் எனக்கு ஒன்றும் இல்லை, இரவுச் சாப்பாடு ஆறிப்போவதுதான் பிரச்சினை.

சூவா அத்தான்: இந்த ஊரில் ரக்பிதான் எல்லாம். போன மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி இறுதியில் பிரான்ஸிடம் தோற்ற அன்று ஊரே துக்க வீடு. 2016-ல் தங்கம் வென்றதற்காக 7 டாலர் நோட்டு அடித்த நாடு இது. ஆமாம் மாமா, ஏழு டாலர். ஒன்று பத்திரமாக வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

பெரியம்மா: அங்கே ஃபிஜியில் நாந்தி முருகன் கோவில் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் கிரிக்கெட் ஆடுவதில்லையா?

சூவா அத்தான்: அவர்களுக்குக் கால்பந்துதான் அத்தை. 1903-லிருந்து மெட்ராஸில் கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள். இங்கே 'சங்கம்' என்றாலே அவர்களுடைய சங்கம்தான். ஈஸ்டர் சமயத்தில் அதன் விழாவுக்குப் போனால் பந்தாட்டம்தான் பிரதானம். கிரிக்கெட் இங்குள்ள பூர்வகுடி மக்களுடையது, அதிலும் லாவ் தீவுக்காரர்களுடையது. எங்கள் அலுவலகக் காவலாளி லாவ்காரர். என்னை இந்தியன் என்று தெரிந்ததும் முதல் கேள்வியே, நீ ஸ்பின்னா பேட்டா என்றுதான். கணக்கர் என்றேன். முகம் வாடிவிட்டது.

பெரியப்பா: ரக்பி ஆடுகிறவர்களுக்கு கிரிக்கெட் நேற்று வந்ததாக இருக்கும்.

சூவா அத்தான்: அங்கேதான் தப்பு மாமா. ஃபிஜி அணி 1895-லேயே நியூசிலாந்து போய் ஆடியிருக்கிறது. 1948-ல் மறுபடி போனார்கள். வேட்டி மாதிரி சுலு கட்டிக்கொண்டு, பலர் வெறுங்காலோடு. 1956-ல் மேற்கிந்தியத் தீவுகள் நியூசிலாந்துப் பயணத்தின்போது சூவாவில் ஓர் ஆட்டம் ஆடியது. ஃபிஜி 28 ஓட்டத்தில் ஜெயித்தது.

பெரியப்பா: எந்த மேற்கிந்தியத் தீவுகள்?

சூவா அத்தான்: சோபர்ஸும் வீக்ஸும் வந்த பயணம் அது மாமா.

பெரியப்பா: 😳

தம்பி: பெரியப்பா முதல்முறையாக ஸ்மைலி போட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

சூவா அத்தான்: அந்தக் காலத்து ஃபிஜி பேட்ஸ்மேன் ஒருவரை ஸ்கோர் புத்தகத்தில் ஐ.எல்.புலா என்று எழுதுவார்கள். முழுப் பெயரை வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறேன், காவலாளியிடம் கேட்டுப் பழகியது.

(வாய்ஸ் மெசேஜ், 0:19)

நான்: மூன்று தடவை கேட்டு எழுதியிருக்கிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும். இலிகேனா லசாருசா தலேம்புலாமைனாவலேனிவேய்வகாம்புலாய்மைனாகுலாலகேம்பாலாவ்.

சூவா அத்தான்: லாவ் தீவுக்கூட்டத்தில், லகேம்பாவில், நகுலா ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பியவன் என்று அர்த்தம். இந்த நகுலாவுக்கும் நம் நகுலனுக்கும் சம்பந்தமில்லை.

தம்பி: ஆதார் அட்டையை இவருக்கு மட்டும் நீளவாக்கில் அடிக்க வேண்டியிருக்கும்.

பெரியம்மா: பிழைத்து வந்த பிள்ளைக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். நம் ஊரில் பிச்சை என்று வைப்பது மாதிரிதான். பாவம்.

அக்கா: கிலிகிட்டியைப் பற்றியும் சொல்லுங்களேன். நாங்கள் சமோவா போயிருந்தபோது பார்த்தோம், எனக்கு அதுதான் பிடித்தது.

சூவா அத்தான்: வெள்ளைக்கார மிஷனரிகள் கொண்டுபோன கிரிக்கெட்டை சமோவாக்காரர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். மட்டைக்கு மூன்று பக்கம், பார்த்தால் பழைய காலத்துப் போர்க் கதாயுதம் மாதிரி இருக்கும். பந்து ரப்பர். ஒரு பக்கத்துக்கு இத்தனை பேர் என்று கறாராக எல்லாம் இல்லை, ஊர் முழுக்க இறங்கலாம்.

அக்கா: பெண்களும் ஆடுகிறார்கள் பெரியம்மா. விக்கெட் விழுந்தால் பாட்டு, ஆட்டம், கைதட்டு. ஆட்டம் முடிந்தால் விருந்து. தோற்றவர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

தம்பி: மூன்று பக்க மட்டையில் பட்டால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அடிக்கிறவருக்கே தெரியாதே அத்தான்.

சூவா அத்தான்: அதுதான் மச்சான் விஷயம். அப்படிக் கண்டபடி போகும் பந்தைச் சின்ன வயதிலிருந்து துரத்திப் பிடித்தவர்களுக்கு டி20 என்ன பெரிய கஷ்டம்?

பெரியப்பா: ஆட்கள் இருக்கிறார்கள், ஆட்டம் இருக்கிறது. பிறகு ஏன் இவர்கள் பெயர் வெளியே வருவதில்லை?

சூவா அத்தான்: கடல் மாமா. பக்கத்துத் தீவுகள் மாதிரி வரைபடத்தில் தெரியும். குக் தீவுகளின் ராரோடோங்காவிலிருந்து வனுவாட்டுவுக்குப் போக ஆக்லாந்து சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். குக் தீவுகளின் மொத்த மக்கள் பதினைந்தாயிரம் பேர் சுமார். நம் ஒரு பேரூராட்சிக்கு வராது. ஒரு தொடருக்குப் பதினான்கு பேரை விமானத்தில் ஏற்றி இறக்குவதே சங்கத்துக்குப் பெரும்பாடு. போதாததற்குத் தேதிக் கோடு வேறு.

தம்பி: அது என்ன?

சூவா அத்தான்: குக் தீவுக்கும் சமோவாவுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் குக் தீவில் சனிக்கிழமை காலை பத்து என்றால் சமோவாவில் ஞாயிறு காலை ஒன்பது. சனி காலை புறப்பட்டு வந்தால் இறங்கும்போது ஞாயிறு. முன்பு சமோவாவும் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வியாபாரத்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று 2011 கடைசியில் இந்தப் பக்கம் தாவிவிட்டது. டிசம்பர் 30 அந்த நாட்டில் வரவே இல்லை. வியாழன் படுத்தவர்கள் சனிக்கிழமை எழுந்தார்கள்.

பெரியம்மா: டிசம்பர் 30 என்ன கிழமை?

சூவா அத்தான்: வெள்ளி, அத்தை.

பெரியம்மா: மார்கழி வெள்ளியா! அந்த விரதம் என்ன ஆகும்?

பெரியப்பா: அங்கே யார் மார்கழி விரதம் இருக்கிறார்கள்? கிரிக்கெட்டுக்கு வா.

பெரியம்மா: சரி, கிரிக்கெட்டே. அந்தத் தொடரில் யார் ஜெயித்தது?

தம்பி: சமோவாதான். அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆசிய அணிகளோடு மோத வேண்டும். அதிலும் தேறினால் 2026-ல் உலகக் கோப்பை. இந்தியாவிலும் இலங்கையிலும்தான் நடக்கிறது.

பெரியப்பா: அப்படியென்றால் சென்னைக்கு வந்தாலும் வரலாம். வந்தால் நான் போவேன். ஆனால் ஒன்று. நோ பால் இல்லாமல், ஓசி இல்லாமல், ஆறு பந்துக்கு ஆறு. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த அனுபவம் இவன் 39 அடித்தாலும் 49 அடித்தாலும் வராது.

பெரியம்மா: எந்தக் கண்ணால்?

பெரியப்பா: என்ன கேள்வி இது?

பெரியம்மா: நாலாவது சிக்ஸரோடு கேபிள் போய்விட்டது. நீங்கள் மாடியில் ஏறி ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டில் இரண்டு தடவை கத்தினார்கள். அதை எண்ணிக்கொண்டு கீழே வந்து ஆறு என்றீர்கள். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி: பெரியப்பா!!!

நான்: பதினேழு வருஷம் 🤣

பெரியப்பா: சத்தமும் சாட்சிதான்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: படித்துவிட்டோம் பெரியப்பா.

பெரியம்மா: மாப்பிள்ளை, அந்த 39 ஓட்ட ஓவர் வீடியோவாக இருந்தால் என் நம்பருக்கு அனுப்புங்கள். உங்கள் மாமா போனில் குட் மார்னிங் படம் நிரம்பி இடமே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், கண்ணாடியும் போட்டுக்கொண்டாயிற்று.