நிறந்தீட்டும் தாள் இல்லாத ஞாயிறு: சின்னப் பிள்ளைகளும் வேதாகமக் கதைகளும்

வட்டக்கச்சி, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை:

மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவர்கள் இலங்கையின் வடக்கே வன்னியில் பலர் இருக்கிறோம். என்ன செய்தீர்கள், பிள்ளைகள் அதை என்ன ஆக்கினார்கள் என்று எழுதுங்கள். நான் தொடக்கி வைக்கிறேன்.

எனக்கு நிறந்தீட்டும் தாளில் நம்பிக்கை இல்லை. அது ரீச்சர் மூச்சு விடுவதற்கான ஏற்பாடு, பாடம் அல்ல. பிள்ளை ஆட்டுக்கு ஊதா நிறம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகும். "இன்றைக்கு என்ன கதை?" என்று அம்மா கேட்டால் "ஊதா" என்று சொல்லும். ஆகவே சனிக்கிழமை இரவு பாடத்தை ஆயத்தம் செய்யும்போது ஒன்றைத்தான் பார்ப்பேன்: இந்தக் கதையில் ஆட்கள் கையாலும் காலாலும் என்ன செய்கிறார்கள்? அதையே பிள்ளைகளும் செய்ய வேண்டும்.

காணாமற்போன ஆடு (லூக்கா 15) என்றால் தேடுதல். மட்டையில் ஆடு வெட்டி, இலவம் பஞ்சு ஒட்டி, ஒன்றை வளவுக்குள் ஒளித்து வைப்பேன். "நூறு ஆடு" என்று சொல்லிவிட்டுப் பத்தைத்தான் காட்டுவேன். இதுவரை எவரும் எண்ணிப் பார்த்து முறைப்பாடு செய்யவில்லை. கண்டெடுத்த பிள்ளை ஆட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வர வேண்டும், மேய்ப்பன் அப்படித்தான் வந்தான். அவன் அயலாரையும் கூப்பிட்டு மகிழ்ந்தானே, அதனால் மற்றவர்கள் ஆரவாரமாக வரவேற்க வேண்டும்.

ஒருமுறை ஒரு பொடியன் வேலிக்கு அப்பால் கட்டியிருந்த அயல்வீட்டு ஆட்டுக்குட்டியைக் கயிற்றோடு இழுத்துவந்து, "இதுவும் காணாமல் போனதுதான் ரீச்சர், நான் கண்டுபிடித்துவிட்டேன்" என்றான். குட்டி கத்தியது. அதன் சொந்தக்கார அம்மா அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டு, வகுப்பு முடியும் வரை ஆட்டை விட்டுவிட்டுப் போனார். பஞ்சு ஆட்டைப் பிறகு எவரும் திரும்பியும் பார்க்கவில்லை.

முல்லைத்தீவு, கரையோரப் பங்கு, மறையாசிரியர்:

அக்கா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் சில கதைகளில் எதைச் செய்யவைப்பது என்பதோடு எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். இயேசு புயலை அடக்கிய கதைக்கு வாங்குகளைக் கவிழ்த்துப் படகு கட்டினால், "இயந்திரம் எங்கே? சவள் எங்கே? நங்கூரம் போடவில்லையா?" என்று என்னையே திருத்துவார்கள். நீலச் சேலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஆட்டுவதுதான் அலை. படகின் பின்பக்கத்தில் ஒரு பிள்ளை தலையணையில் தலைவைத்துத் தூங்கும். தலையணை மாற்கு நற்செய்தியிலேயே இருக்கிறது (4:38). அந்த வேடத்துக்குத்தான் போட்டி அதிகம்.

சேலையை உயரத் தூக்கி ஆட்டியபோது, பேத்தியைக் கூட்டிவந்த ஒரு அம்மம்மா எழுந்து வெளியே போய்விட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் எதைக் கொண்டுபோனது என்று நான் எழுதத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியாது, ஆனால் கூட்டிவருபவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அலையை முழங்கால் உயரத்துக்கு மேல் விடுவதில்லை. புயலைச் சுருக்கி, அமைதியை நீட்டுகிறேன். இயேசு கடலை அதட்டியதுபோல "இரையாதே" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னதும் சேலை மெல்ல மெல்ல இறங்கி நிலத்தைத் தொட வேண்டும். பிறகு எல்லாரும் அதன்மேல் படுத்துக் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கேட்பார்கள். குழப்படிக்காரர்கூட அடங்கும் நேரம் அது ஒன்றுதான்.

மல்லாவி, உதவி ஆசிரியை:

நோவாவின் பேழைக்கும் இதே சங்கடம் உண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டை விட்டுப் பாடசாலைகளில் தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். "வெளியே நின்ற நாய்க்குட்டிகள் என்ன ஆனது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்த வயதுக்கு நான் தண்டனையைப் பற்றிப் பேசுவதில்லை. "ஆண்டவர் நோவாவை மறக்கவில்லை" என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வற்றும் பக்கம் போய்விடுவேன். இது தப்பித்தல் என்று எங்கள் போதகர் சொல்கிறார். நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அவர் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

செய்கைக்கு வருகிறேன். மழை பெய்த நாற்பது நாளுக்கும் பால்மாப் பேணிக்குள் ஒவ்வொரு புளியங்கொட்டையாக நாற்பது போட்டு மூடியை இறுக்கி ஒட்டிவிட்டால் மழை தயார். சின்னதுகள் கொட்டையை மூக்குக்குள் விடும், ஆகவே பக்கத்திலேயே இருங்கள். பேழைக்குச் சிங்கம் தேடி அலையாதீர்கள். யானை, மரை, மயில், உடும்பு, குரங்கு என்றால் பிள்ளைகளே நடந்தும் கத்தியும் காட்டுவார்கள். முதலில் வெளியே போனது காகம், புறா பிறகுதான். காகத்தை விட்டுவிடாதீர்கள், எல்லாரும் பறக்க ஆசைப்படுவது அதுவாகத்தான். புறா கொண்டுவந்த ஒலிவ இலைக்கு நாங்கள் வைப்பது பாலை இலை.

மடுவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி:

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் களிமண்ணில் செய்யவைப்பவர்களிடம் எனக்குக் கோபம். சாப்பிடுகிற கதையைச் சாப்பிடத்தான் வேண்டும். ஞாயிறு காலையில் தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. அதனால் ரொட்டியைக் கதையின் முடிவுக்கு வைக்காமல், கதையில் வரும் சிறுவன் தன் அப்பத்தையும் மீனையும் கொடுக்கும் இடத்திலேயே கொண்டுவருவேன். ஒவ்வொருவரும் பிய்த்து அடுத்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும், தன் வாயில் தானே போடக்கூடாது. கதையில் பன்னிரண்டு கூடை மிச்சம் வந்ததே, அதற்காக மிச்சத்தைப் பொறுக்கப் பன்னிரண்டு சின்னக் கடகங்கள் வைத்திருக்கிறேன். பன்னிரண்டும் நிரம்பும் அளவுக்கு மிச்சம் வந்த நாள் இன்னும் வரவில்லை!

கிளிநொச்சி, முன்பள்ளி ஆசிரியை:

எங்கள் திருச்சபை நடத்தும் முன்பள்ளியில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். அங்கே இவற்றைச் செய்யலாமா?

வட்டக்கச்சி, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை:

என் அபிப்பிராயம், கிழமை நாட்களில் வேண்டாம் தங்கச்சி. தாய்தகப்பன் எங்களை நம்பி எழுத்தும் பாட்டும் படிக்க அனுப்புகிறார்கள். ஞாயிறு வகுப்புக்கு அயல்பிள்ளை தானாக வந்தால், வீட்டாரிடம் நேரே சொல்லிச் சம்மதம் கேட்டுவிட்டுச் சேருங்கள். கிறிஸ்மஸ் ஒளி விழா என்றால் அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிடுங்கள், எல்லாரும் வருவார்கள்.

பிள்ளைகள் பிசைந்து உருவம் செய்யும் விளையாட்டு மாவுக்கு அளவு தேவைப்படுவோருக்கு: கோதுமை மா 2 கோப்பை, உப்பு 1, தண்ணீர் 1, கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய். நிறத்துக்கு மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் போதும். மழைநாளில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், அன்றன்றைக்குப் பிசையுங்கள்.

மாரி தொடங்கினால் வளவுக்குள் ஓடித் தேடும் கதைகள் எனக்கு உதவாது. ஒழுகும் கொட்டிலுக்குள் இருந்தபடி செய்யக்கூடியவை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.