டொம்காட் லொக்கில் ஒரு வரிகூட இல்லாமல் விழுகிறது. ஹீப்பை 3 ஜிபி ஆக்கியதும் இன்னும் மோசம்

கேள்வி

வணக்கம். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகள் சிலவற்றுக்குரிய பில்லிங் வெப் அப்ளிகேஷன் இது. கடையில் பிரவுசரில் பில் போடுவார்கள், சேர்வர் அதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கும்.

உபுண்டு, 4 ஜிபி ரேம், 2 சிபியு, ஸ்வொப் (ரேம் முடிந்தால் பாவிக்கும் டிஸ்க் இடம்) இல்லை. ஜாவா 11, டொம்காட் 9 (அப்ளிகேஷனை ஓட்டும் வெப் சேர்வர்). மைஎஸ்கியூஎல் வேறு மெஷினில். டொம்காட் த்ரெட் 200, ஹிகாரி பூல் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களின் தொகுப்பு) 10. இரண்டும் டிஃபோல்ட், கைவைக்கவில்லை.

காலை 10 மணியிலிருந்து 12 மணிவரை இடையிடையே எல்லாப் பக்கமும் 6, 7 செக்கன் உறைந்து நிற்கிறது. அது ஒன்று. மற்றது, கிழமைக்கு ஒரு தரம் டொம்காட் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், சிஸ்டம்டி திரும்ப எழுப்பும். டொம்காட்டின் கட்டலீனா லொக்கில் அவுட் ஒஃப் மெமரி எரர் எதுவும் இல்லை. கடைசி வரி சாதாரண ரிக்குவெஸ்ட் வரிதான். ஹீப் (ஜாவா தன் பொருள்களை வைக்கும் மெமரி) 2 ஜிபியாக இருந்ததை 3 ஆக்கினோம். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தரம் விழுகிறது.

இன்னொன்றும் கவனித்தோம். போன போயா அன்று கடைகள் பூட்டு. அன்றைக்கு மெமரி கிராஃப் காலையிலிருந்து இரவுவரை நேர்கோடு.

ரேமை 8 ஜிபி ஆக்குவதா, த்ரெட்டைக் கூட்டுவதா? எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில் 1

தம்பி, இரண்டையும் இப்போது செய்யவேண்டாம். ஜாவா எதுவும் சொல்லாமல் செத்தால், கொன்றது ஜாவா இல்லை, கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). ஹீப் நிரம்பியிருந்தால் ஜாவா கட்டாயம் எரர் எழுதியிருக்கும். மெஷினின் ரேம் முடியும்போது கேர்னல் பெரிய புரொசெஸ்ஸைப் பார்த்து 9ஆம் சிக்னல் அனுப்பும். அதைப் பிடிக்கவோ லொக் எழுதவோ ஜாவாவுக்கு வழி கிடையாது.

கேர்னல் லொக்கைப் பார்க்க ஜேர்னல்சிடிஎல் கட்டளையை கே சுவிட்சுடன் ஓடவிட்டு "அவுட் ஒஃப் மெமரி" என்று தேடுங்கள். சேர்வர் நேரம் யூடிசியில் இருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டித்தான் கொழும்பு நேரம். அதைக் கூட்டாமல் விடியற்காலையில் என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்த வரியில் அனொன் ஆர்எஸ்எஸ் (அந்தப் புரொசெஸ் ரேமில் பிடித்திருந்த இடம்) என்று கேபியில் ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துவையுங்கள்.

ஹீப்பைக் கூட்டியதும் ஏன் மோசமானது என்பதற்குக் கணக்கு இலகுவானது. 4 ஜிபி மெஷினில் கேர்னலுக்குப் போக மிஞ்சுவது சுமார் 3.8. அதில் 3 ஹீப்புக்கு. மீதி 0.8க்குள் ஹீப்புக்கு வெளியே ஜாவாவுக்கு வேண்டிய மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் (ஒரு த்ரெட்டுக்கு 1 எம்பி வரை), கோட் கேஷ் (240 எம்பி வரை வளரலாம்), ஜிசி (பாவித்து முடிந்த பொருள்களைக் கூட்டிப் பெருக்குவது) தனக்கு வைத்துக்கொள்வது, டைரக்ட் பஃபர், அதோடு மெஷினில் ஓடும் மற்றதெல்லாம் அடங்கவேண்டும். ஹீப்பைக் கூட்டினால் இந்த மிச்ச இடம் சுருங்கும், அவ்வளவுதான்.

இன்றே எக்ஸ்எம்எக்ஸை (ஹீப்பின் உச்ச அளவை) 2 ஜிபிக்குத் திருப்புங்கள். அதே ரீஸ்டார்ட்டில் இரண்டு சுவிட்சையும் போட்டுவிடுங்கள்: ஜிசி லொக் (20 எம்பி வீதம் 5 ஃபைல் சுழலட்டும்), நேட்டிவ் மெமரி டிராக்கிங் சமரி அளவில். இரண்டாவது 5 முதல் 10 வீதம் வரை வேகத்தைத் தின்னும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். காலை 8 மணிக்கு ஜேசிஎம்டி கட்டளையால் அந்த டிராக்கிங்கின் பேஸ்லைன், மாலை 4 மணிக்கு டிஃப். அதே இரு நேரத்திலும் பிஎஸ் காட்டும் ஆர்எஸ்எஸ். உறையும் சமயத்தில் 10 செக்கன் இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எதில் நிற்கிறது என்ற பட்டியல்).

ஹீப் டம்ப் (முழு ஹீப்பின் நகல்) மட்டும் காலை 11 மணிக்கு எடுக்காதீர்கள். எடுத்து முடியும்வரை அப்ளிகேஷன் முழுதாக நிற்கும், 2 ஜிபி ஹீப்புக்கு அது சின்ன நேரமல்ல.

போயாக் குறிப்புக்கு நன்றி. டைமரிலோ பின்னணி வேலையிலோ மெமரி கசிந்தால் போயாவிலும் ஏறியிருக்கும். ஏறவில்லையென்றால் கசிவு ரிக்குவெஸ்ட்டோடு ஒட்டியது.

பதில் 2

ரேமை 8 ஆக்கிவிட்டு அதிகாலை 3 மணிக்குத் தினமும் ரீஸ்டார்ட் போட்டால் அநேகமான இடங்களில் ஓடிவிடும். கடைக்காரர் காத்திருக்கமாட்டார், முதலில் அதைச் செய்யுங்கள்.

கேட்டவர்

மூன்று நாள் அளந்தேன்.

கேர்னல் லொக்கில் இருக்கிறது: 05:41, அதாவது நம் நேரம் 11:11. அனொன் ஆர்எஸ்எஸ் 36 லட்சம் கேபிக்கு மேல்.

எக்ஸ்எம்எக்ஸ் 2 ஜிபியில் ஆர்எஸ்எஸ் காலை 2.3 ஜிபி, மாலை 2.9. ஆனால் டிராக்கிங் டிஃபில் கூடியது 40 எம்பி மட்டும். 600 எம்பியில் மற்றது எங்கே போனது?

ஜிசி லொக்கில் 10 மணிக்குப் பிறகு "ஹியூமங்கஸ் அலொகேஷன்" என்று வரிசையாக வருகிறது, நடுநடுவே ஃபுல் ஜிசி. ஒன்று 2.9 செக்கன், சிலநேரம் இரண்டு அடுத்தடுத்து. த்ரெட் டம்பில் 140 த்ரெட் ஹிகாரி கனெக்ஷனுக்குக் காத்து நிற்கிறது. பூலை 100 ஆக்கவா?

பதில் 3

பூலைத் தொடாதீர்கள். ஃபுல் ஜிசி எல்லா த்ரெட்டையும் நிறுத்துகிறது, கனெக்ஷனைக் கையில் வைத்திருக்கும் 10 பேரும் சேர்த்துத்தான். பின்னால் வரிசை நீள்வது அதன் விளைவு. பூலைக் கூட்டினால் வரிசை மைஎஸ்கியூஎல் வாசலுக்கு இடம் மாறும்.

இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு நோய், இரண்டு காரணம். உறைவது ஹீப்புக்குள். சாவது ஹீப்புக்கு வெளியே. சேர்த்துப் பார்த்தால் இரண்டும் பிடிபடாது.

முதலில் உறைவது. ஜி1 என்ற ஜிசி, ஹீப்பைச் சம துண்டுகளாக வெட்டிவைக்கும். 2 ஜிபி ஹீப்புக்கு ஒரு துண்டு 1 எம்பி. அதில் பாதிக்குக் குறையாத எந்தப் பொருளும் ஹியூமங்கஸ். அதற்கு அடுத்தடுத்து வெறுமையாக இருக்கும் துண்டுகள் வேண்டும். மொத்தத்தில் இடம் இருந்தும் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் ஃபுல் ஜிசி ஓடி எல்லாவற்றையும் ஒருபக்கம் நெருக்கிவைக்கும். அந்த லொக் வரியில் எத்தனை துண்டு கூடிக் குறைகிறது? 34, 34 ஆக வந்தால் என் ஊகம் இதுதான்: ஏ4 தாளை 300 டிபிஐயில் படமாக வரைந்தால் 2480 பெருக்கல் 3508, ஒரு பிக்சலுக்கு 4 பைட், 34.8 மில்லியன் பைட். சரியாக 34 துண்டு. பில்லைப் படமாகவா வரைகிறீர்கள்?

கேட்டவர்

ஓம் அக்கா, 34 தான்! படமாகத்தான் வரைகிறோம். நாங்கள் பாவிக்கும் பிடிஎஃப் லைப்ரரியில் தமிழ் உடைகிறது. "கொழும்பு" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழுகிறது. சிங்களமும் அப்படித்தான். ஆகவே ஜாவா 2டியில் வரைந்து, படத்தைப் பிடிஎஃபில் ஒட்டுகிறோம். ஒரு பில்லுக்கு மூன்று எழுத்துரு: தமிழ், சிங்களம், ஆங்கிலம்.

பதில் 3

அப்படியென்றால் இரண்டாவது நோயும் அங்கேயேதான் இருக்கிறது. எழுத்துருவை எப்படி லோட் பண்ணுகிறீர்கள்? ஒவ்வொரு பில்லுக்கும் கிரியேட்ஃபொன்ட்டை இன்புட் ஸ்ட்ரீமோடு கூப்பிட்டால், ஜாவா ஒவ்வொரு தடவையும் எழுத்துரு ஃபைலை டெம்ப் கோப்புறைக்கு நகல் எடுக்கும். அந்த நகல்களின் பெயர் பிளஸ், டில்டே, ஜேஎஃப் என்று தொடங்கும். எண்ணிப்பாருங்கள். டொம்காட்டை நீங்களே இறக்கி நிறுவியிருந்தால் அதன் கோப்புறைக்குள் இருக்கும் டெம்ப்பில் பார்க்கவேண்டும், மெஷினின் பொது டெம்ப்பில் அல்ல.

கேட்டவர்

5,214 ஃபைல். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று தடவை கூப்பிடுகிறோம், இன்புட் ஸ்ட்ரீமில்தான்.

பதில் 3

அதுதான். எழுத்துரு என்பது ஹீப்பில் ஒரு சின்னப் பொருள். அதன் பின்னால் எழுத்து வரையும் இயந்திரத்தின் தரவும், வரைந்துவைத்த எழுத்து உருவங்களும் ஹீப்புக்கு வெளியே சி நினைவகத்தில் கிடக்கும். ஜிசி ஹீப்பின் நெருக்கத்தை மட்டுமே உணரும். சின்னப் பொருள்கள் பழைய தலைமுறைக்குள் (நெடுநேரம் இருக்கும் பொருள்களின் பகுதிக்குள்) போய்ச் சேர்ந்தால் அவற்றைக் கூட்டிப் பெருக்க அதற்கு அவசரம் வராது, வெளியே இருக்கும் பாரமும் அதுவரை விடுபடாது. டிராக்கிங்கில் வராததற்கும் இதுதான் காரணம்: அது ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) தானே ஒதுக்குவதைத்தான் எண்ணும், ஜாவா லைப்ரரிகளின் சி கோட் ஒதுக்குவது அதில் சேராது. ஆர்எஸ்எஸ் ஏறி, டிராக்கிங் அசையாமல் நின்றால் எப்போதும் இந்தப் பக்கம்தான் தேடவேண்டும்.

செய்யவேண்டியது:

எழுத்துருவை அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை லோட் பண்ணி ஸ்டாட்டிக்காக வையுங்கள். ஸ்ட்ரீமாகக் கொடுக்காமல் ஃபைலாகக் கொடுத்தால் நகலும் எடுக்காது. வேறு அளவு வேண்டுமென்றால் அதிலிருந்தே டிரைவ்ஃபொன்ட். அது அதே எழுத்துருவைத்தான் பகிரும்.

படத்தை 200 டிபிஐ, ஒரு பிக்சலுக்கு 1 பைட் சாம்பல் வகைக்கு மாற்றுங்கள். 1654 பெருக்கல் 2339, அதாவது 38,68,706 பைட். ஜி1 துண்டை 8 எம்பி என்று கொடுத்தால் பாதி 41,94,304 பைட். படம் அதற்குள் அடங்கிவிடும், ஹியூமங்கஸ் ஆகாது. 300 டிபிஐயிலேயே சாம்பலாக்கினால் 8.7 மில்லியன் பைட். அதை அடக்க 32 எம்பி துண்டு வேண்டும். 2 ஜிபியில் 64 துண்டுதான் கிடைக்கும், ஜி1க்கு அது போதாது.

நேரம் கிடைக்கும்போது படத்தையே விட்டுவிடுங்கள். ஜாவாவின் டெக்ஸ்ட்லேஅவுட்டிலிருந்து எழுத்தின் அவுட்லைனை எடுத்துப் பிடிஎஃபில் கோடாக வரையலாம். கொம்பு சரியான இடத்தில் நிற்கும், அச்சும் கூர்மையாக இருக்கும், மெமரியும் மிகச் சொற்பம். பிடிஎஃபில் எழுத்தைத் தேடவோ கொப்பி பண்ணவோ முடியாது, ஆனால் படத்திலும் அது முடியாதுதானே.

பதில் 1

ஒன்று சேர்க்கிறேன். ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி), கோர் ஒன்றுக்கு 8 மெமரி அரீனா (மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) வரை திறக்கும். உங்கள் 2 கோருக்கு 16. விடுவித்த மெமரி இவற்றுக்குள் சிதறிக் கிடந்து மெஷினுக்குத் திரும்பாமல் இருக்கும். மலொக் அரீனா மேக்ஸ் என்ற என்வயர்ன்மென்ட் மாறியை 2 என்று வையுங்கள். எழுத்துருவைத் திருத்தி ஒரு நாள் அளந்த பிறகு இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

தினமும் ரீஸ்டார்ட் பற்றி: இன்றிரவு கடைகளைக் காப்பாற்ற அது போதும், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு 600 எம்பி வீதம் ஏறுவது அப்படியே இருக்கும், உறைவதை அது தொடவே தொடாது. தீபாவளி, வருடப்பிறப்பு வியாபாரத்தில் பில் இரட்டிக்கும்போது அதிகாலை 3 மணிவரை தாங்காது.

கேட்டவர்

எழுத்துரு திங்கள், படம் புதன், அரீனா வெள்ளி என்று தனித்தனியாகப் போட்டோம். இப்போது ஆர்எஸ்எஸ் காலை 2.31, மாலை 2.36 ஜிபி. ஃபுல் ஜிசி புதனுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை, மிக நீண்ட நிறுத்தம் 140 மில்லிசெக்கன். அரீனாவால் பெரிய மாற்றம் தெரியவில்லை, இருந்தும் விட்டுவைத்திருக்கிறேன். மூவருக்கும் மிகவும் நன்றி.

டெம்ப்பில் பழைய 5,000 ஃபைலும் அப்படியே இருக்கிறது. அழிக்கலாமா?

பதில் 3

அழிக்கலாம், டொம்காட்டை நிறுத்திவிட்டு. ஜாவா ஒழுங்காக மூடும்போது அந்த நகல்களைத் தானே அழித்துவிடும். கேர்னல் 9ஆம் சிக்னலால் கொன்ற ஒவ்வொரு தடவையும் அதற்கு நேரம் கிடைக்காமல் மிஞ்சியவைதான் அதில் பெரும்பகுதி. ஃபைல் திகதிகளை விழுந்த நாட்களோடு ஒப்பிட்டால் பொருந்தும். அழித்த பிறகு ஒரு கிழமை விட்டு மறுபடி எண்ணுங்கள். ஜேஎஃப் ஃபைல் ஒன்றாவது புதிதாக வந்திருந்தால் கோட்டில் வேறெங்கோ இன்னும் ஸ்ட்ரீமில் லோட் பண்ணும் இடம் இருக்கிறது. மாதாந்த ரிப்போர்ட் பக்கத்தை முதலில் பாருங்கள்.